நெஞ்சுக்கு நேராக

சால்மியாவிலிருந்து மகன் அனுப்பிய கைக்கடிகாரம்
மணி பார்க்க அல்ல.
பட்டைக்குள் காற்று ஏறும்,
கடன் கொடுத்தவன்போல் மணிக்கட்டைப் பிடிக்கும்,
பிறகு 'ஸ்' என்று விட்டுவிடும்.
மேலே ஓர் எண், கீழே ஓர் எண்.
கண்ணாடியைத் தேடி எடுத்து நான் பார்ப்பதற்குள்
அவன் போனுக்குப் போய்விட்டிருக்கும்.

இருபத்தேழு வருடமாக
மண்டபம் ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் பார்க்கிறேன்.
முள் சிவப்பைத் தொட்டால் வால்வைத் திற,
அவ்வளவுதான் உத்தியோகம்.
அம்மோனியா நெடிதான் எனக்கு அத்தர்.
பிரஷர் என்றால் என்னவென்று
எனக்கே பாடம் எடுக்கிறது
தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒன்று.

நூற்று அறுபதைத் தாண்டினால் போன் அடிக்கும்.
"வாப்பா, கருவாடு சாப்பிட்டியளா?"
"இல்லடா."
"நீங்க சொல்லுவிய. நம்பர் பொய் சொல்லாது."

அந்த வார்த்தைதான் என்னைக் கெடுத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை
கம்பெனி வாசல் கடையில் நாலு பரோட்டா,
சால்னாவுக்கு மேல் எலுமிச்சை ஊறுகாய்.
ராத்திரி கடிகாரத்தைக் கழற்றி
ரமீசா கையில் கட்டினேன்.
"என்னத்துக்கு?"
"சும்மா. அஞ்சு நிமிசம் பேசாம இரி."
முப்பத்தோரு வருடத்தில்
அப்படிச் சொல்லி அவள் கேட்டது
அன்று ஒருநாள்தான்.

தக்பீர் கட்டியதுபோல்
கையை நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டாள்.
நகத்தோரம் சூடை மீனின் செதில் ஒன்று மின்னியது.
காற்று ஏறியது. நின்றது.
போதாதென்று மறுபடி ஏறியது.
என் கையில் ஒருநாளும்
அது இரண்டு தடவை ஏறியதில்லை.

நூற்று எண்பத்தெட்டு.
கீழே நூற்றுப் பத்து.

எங்கள் பக்கம் சொல்வார்கள்,
தெற்கே ஆண் கடல், வடக்கே பெண் கடல்.
ஆண் கடல் இரையும்,
பெண் கடல் குளம்போல் கிடக்கும்.
வாடை திரும்பிய ஐப்பசியில்
அதைப் படகுக்காரனிடம் சொல்லிப் பாருங்கள்.

போன் அடித்தது.
"படுங்க வாப்பா, உடனே படுங்க!
உம்மாட்ட குடுங்க."
கொடுத்தேன்.
"ஆமாத்தா, ஊறுகா தின்னுட்டாரு.
நான் பாத்துக்கிர்றேன், நீ தூங்கு"
என்றாள், கடிகாரம் கட்டிய கையாலேயே
போனைப் பிடித்துக்கொண்டு.

நான் கணக்குப் போட்டேன்.
தை மாதம் டாக்டர் சொன்னதிலிருந்து
எனக்கு உப்பில்லாத ஆணம்.
பானையில் மிஞ்சிய கருவாட்டை,
ஜாடியில் கிடந்த ஊறுகாயை
"வீணாப் போவுதே" என்று தின்று தீர்த்தவள் யார்?
மத்தியானமானால்
தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படுப்பாள்.
வெயில் என்றாள்.
தைலம் வாங்கக் காசு கொடுத்தேன்.
கம்ப்ரசரில் ஒரு போல்ட் தளர்ந்தால்
தூக்கத்திலும் கேட்கிற காது எனக்கு.

மறுநாள் ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில்
சீட்டு என் பெயருக்குத்தான் போட்டாள்.
நர்ஸ் பட்டையோடு வந்ததும்
அவள் கையைப் பிடித்து முன்னால் நீட்டினேன்.
"அவருக்குத்தாம்மா" என்று இழுத்துக்கொண்டாள்.
மறுபடி நீட்டினேன்.
வரிசையில் சிரித்தார்கள்.

இப்போது இரண்டு பேருக்கும் மாத்திரை.
மகனிடம் சொல்லக்கூடாதாம்.
அழுவான், டிக்கெட் போடுவான்,
புது வேலை, ஆறு மாதம்கூட ஆகவில்லை.
அதனால் அவன் போனில் இன்னும் நான் ஒரே ஆள்.
காலையில் நூற்று நாற்பது,
அஸருக்குப் பிறகு நூற்று எழுபத்தைந்து.
"உங்க உடம்பு எனக்குப் புரியல வாப்பா" என்கிறான்.

பட்டையில் மூன்றாவது ஓட்டை என்னுடையது,
ஐந்தாவது அவளுடையது.
ராத்திரிகளில் அவள்தான் கட்டியிருக்கிறாள்.
இருட்டில் அது இறுகும் சத்தத்துக்கு விழித்துக்கொள்கிறேன்.
'ஸ்' என்று விடும்வரை
நானும் மூச்சை விடுவதில்லை.